பிளாஸ்டருக்குக் கீழே ஒரு பித்தளை வளையம்

அண்மையில் மெல்பேர்ணில், நோபல் பார்க் பக்கம் ஒரு பிறந்தநாள் வீட்டில், ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒரு பிள்ளை என்னிடம் வந்து கேட்டாள்: "அங்கிள், ஒரு பேஷன்டைப் பாக்கவே எனக்கு ஆத்திரம் வருது. என்ன செய்யிறது?" நான் வாய் திறக்க முன்னம் பக்கத்தில் நின்ற தம்பி பதில் சொல்லிவிட்டான்: "பேஷன்ட் எண்டால் எல்லாரும் ஒண்டுதான். ட்ரெய்னிங்கிலை சொன்னவைதானே."

பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அவளுடைய ஆத்திரம் குறையவில்லை. அது முகத்தில் தெரிந்தது. எனக்கும் ஆத்திரம் வந்தது, அந்தத் தம்பியில். எல்லாரும் ஒன்று என்று சொல்லுகிறவன் ஒருவரையும் சரியாகப் பார்க்காதவன். அன்று அந்தச் சத்தத்துக்குள் சொல்ல முடியாமல் போனதை இப்போது எழுதுகிறேன். தாதிகளாக, உதவியாளர்களாக, முதியோர் இல்லங்களில் பராமரிக்கிறவர்களாக வேலைக்குப் போகிற உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

நான் மெல்பேர்ணில், படையில் இருந்து வந்தவர்களைப் பார்க்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஓடலியாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆண் நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, சத்திரசிகிச்சைக்கு முன் மயிர் மழிப்பது, வண்டியில் வைத்து தியேட்டர் வாசல்வரை தள்ளிக்கொண்டு போவது, திரும்பக் கொண்டுவருவது. இதுதான் என் வேலை. எஸ்.எஸ்.ஸி. சோதினை தவறின ஆளுக்கு அதுவே பெரிய வேலை. மனைவி தாதி. அவவின் படிப்பைப் பார்த்துத்தான் எழுபதுகளில் இந்த நாடு எங்களுக்குக் கதவு திறந்தது. மனிசியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கப்பலேறினவன் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும், உண்மைதானே.

வேலைக்குச் சேர்ந்த அன்றே என் கையில் கிடந்த கௌரிக் காப்பு நூலைக் கழற்றச் சொன்னார்கள். சுத்தம் பேண வேண்டிய இடமாம். உங்களில் சிலருக்கு இந்தக் காப்புப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். விரதமிருந்து, சந்நிதியில் வைத்து, ஐயர் கையால் கட்டுகிற நூல். அடுத்த வருஷம் புது நூல் கட்டும்வரை அதை அறுக்கக் கூடாது. பழசைக் குப்பையில் போடவும் கூடாது, ஓடுகிற தண்ணீரிலோ மரத்தடியிலோதான் விட வேண்டும். மெல்பேர்ணில் அப்போது எங்களுக்குக் கோயில் இல்லை. அம்மா ஊரில் பூசையில் வைத்து எடுத்த நூலைத் தபாலில் அனுப்புவா. எங்கள் வீட்டுக் குசினி அலுமாரிக்குள் இருந்த முருகன் படத்துக்கு முன்னால் மனைவி கட்டிவிடுவா. அதை அறுக்க எனக்கு மனம் வரவில்லை. முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டி, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வேலை செய்தேன்.

அதைக் கண்டுபிடித்தவன் கெவின்.

அவனுடைய உண்மைப் பெயர் அதுவல்ல, கெவின் என்றே வைத்துக்கொள்ளுவோம். முப்பதைத் தாண்டின, நல்ல உயரமான ஆள். வியட்நாமில் இடுப்பில் வாங்கின குண்டுச்சிதறல்களில் சில உள்ளேயே தங்கி, ஒவ்வொரு குளிருக்கும் அவனைப் படுக்கையில் போட்டுவிடும். எழுபத்தேழாம் ஆண்டுக் குளிருக்கு வந்தவனுக்கு இந்தமுறை பெரிய ஒப்பரேஷன் தேவை என்று சொல்லிவிட்டார்கள். எழும்ப முடியாதபடியால் படுக்கையில் வைத்தே நான்தான் அவனைக் குளிப்பாட்டுவது. அவன் இங்கிலிசில் சொன்னதை எனக்கு வாய்க்கிற தமிழில்தான் எழுதுகிறேன்.

"தண்ணி பச்சைத்தண்ணியாய்க் குளிருது," என்பான். "உன்ரை சாமிக்கும் இப்பிடித்தான் ஊத்துறனியோ?"

"என்ரை சாமி உன்னை மாதிரிப் புறுபுறுக்காது."

"பாவம். அதுக்கு உன்னை விட்டால் வேறை ஓடலி இல்லைப்போலை."

இப்படித்தான் இருந்தோம். ஒருநாள் நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவனுடைய முதுகைத் துடைக்கும்போது நூலைக் கண்டுவிட்டான். இதென்ன என்று கேட்டான். நேர்த்தி வைத்துக் கட்டியது, காலம் முடியும்வரை அறுக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். அவன் பகிடி விடவில்லை. போர்வைக்குள் வைத்திருந்த வலக்கையை வெளியே எடுத்தான்.

மணிக்கட்டில் ஒரு பித்தளை வளையம் கிடந்தது. மெல்லியது, மேலே சின்னச் சின்ன வெட்டுக் கோடுகள். இரண்டு நுனியும் ஒன்றையொன்று தொடும்படி நசுக்கி இறுக்கியிருந்தது. அவ்வளவு இறுக்கம் என்றபடியால் தோலில் அடையாளம் விழுந்திருந்தது.

"இதையும் கட்டித்தான் விட்டவை," என்றான்.

அன்று பேசினில் இருந்த தண்ணீர் ஆறும்வரை அவன் கதைத்தான். வியட்நாமின் மலைப்பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவுஸ்திரேலிய ஆமி அவனை ஆலோசகராகப் போட்டிருந்தது. மலையில் இருக்கிற சனம் வேறு இனம், வேறு மொழி. கீழே இருக்கிற சனத்துக்கும் இவர்களுக்கும் பரம்பரையாக ஆகாது. கீழிருந்து வருகிற அரசாங்க ஆமி இவர்களைக் காட்டுச் சனம் என்றுதான் கூப்பிடும். ஆனால் கிளர்ச்சிக்காரரோடு சண்டைக்கு இவர்களுடைய பொடியன்கள் வேண்டும். அந்தப் பொடியன்களுக்குத் துவக்குப் பிடிக்கப் பழக்குவதுதான் கெவினுடைய வேலை. மரக்கால்களில் நிற்கிற நீளமான வீடுகளில் ஒன்றில் அவனுக்கும் படுக்க இடம் கொடுத்தார்கள். பெரிய சாடியில் புளிக்கவைத்த அரிசிக் கள்ளை எல்லாரும் சேர்ந்து குழாயால் உறிஞ்சிக் குடித்து, கோழி அறுத்து, அந்த வீட்டுத் தாய் தன் கையால் இந்த வளையத்தை அவனுக்குப் போட்டுவிட்டாள். போட்டால் அவன் அந்த ஊர் ஆள். அவர்களுக்கு வருவது அவனுக்கும் வரும். அதுதான் அர்த்தமாம்.

"எனக்குப் பெரிய சந்தோஷம்," என்றான். "படம் எடுத்து மனிசிக்கு அனுப்பினனான்."

காட்டுக்குள் இருந்து கிளர்ச்சிக்காரர் இறங்கி வந்து, துவக்கைக் காட்டி, ஊரின் நெல்லை அள்ளிக்கொண்டு போனார்கள். சில நாளில் கீழிருந்து ஆமி லொறி வந்தது. நெல் கொடுத்து உதவினவர்கள் என்று சொல்லி மூன்று பொடியன்களைப் பிடித்து ஏற்றினார்கள். மூன்று பேரும் கெவின் பழக்கின பொடியன்கள். ஒருவன் அந்தத் தாயின் மகன். கொண்டுபோனால் திரும்பி வரமாட்டார்கள் என்று ஊருக்கும் தெரியும், கெவினுக்கும் தெரியும். அவன் வயர்லெஸில் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னான். அங்கிருந்து வந்த பதில்: நீ ஆலோசகர், தலையிடாதே, அது அவர்களுடைய நாட்டு விஷயம்.

"அந்தத் தாய் வந்து என்ரை கையைப் பிடிச்சவ. இந்தக் கையை. பிடிச்சு லொறியின்ரை பின்பலகையிலை வைச்சவ. நான் கையை வைச்சிருந்தால் அவங்கள் லொறியை எடுத்திருக்க மாட்டாங்கள். நான் வெள்ளைக்காரன், சிநேகித நாட்டு ஆமிக்காரன். என்னை இழுத்துக்கொண்டு போக அவங்களுக்குத் துணிவில்லை."

நான் துவாயைப் பிழிந்துகொண்டு நின்றேன்.

"நான் கையை எடுத்திட்டன்," என்றான்.

அந்த மூன்று பேரும் வரவில்லை. கெவினுடைய தவணை முடிந்து ஊரை விட்டுப் புறப்படுகிற அன்று, தனக்கு இனி இந்த வளையம் போட உரிமை இல்லை என்று நினைத்து, கழற்றி அந்தத் தாயிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவனுடைய கையைப் பிடித்து, திரும்பப் போட்டு, ஒரு கல்லை எடுத்து நுனி இரண்டையும் தட்டித் தட்டி இறுக்கிவிட்டாள்.

அன்று எனக்கு வந்த கோபமெல்லாம் அந்த லொறிக்காரரிலும், வயர்லெஸில் பதில் சொன்ன மேலதிகாரியிலும்தான். தலையிடாதே என்று தூரத்தில் கதிரையில் இருந்துகொண்டு சொல்லுகிற வாயை நினைக்க உடம்பு கொதித்தது. கெவினில் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் அழுத கண்ணோடு இருந்தான், நான் முதுகுக்குப் பவுடர் போட்டேன்.

அடுத்த மாதம் ஊரில், இலங்கையில், தமிழருக்கு எதிராகக் கலவரம். இங்கத்தைப் பேப்பரில் நாலு வரி போட்டார்கள். பிறகு அம்மாவின் தந்தி. என் தங்கச்சியும் புருஷனும் தெற்கே ஒரு சின்னப் பட்டணத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். கடையை எரித்து, மச்சானை வீதியில் இழுத்துப்போட்டு அடித்துக் கொன்றுவிட்டார்கள். தங்கச்சியும் இரண்டு பிள்ளைகளும் அகதிமுகாமில் இருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்ததாகப் பிறகு கடிதம் வந்தது. அதைத் தங்கச்சியே எழுதியிருந்தாள். மனைவி வாசிக்க நான் குசினியில் நின்று கேட்டேன்.

சந்தியில் ஆமிக்காரர் துவக்கோடு நின்றார்களாம். தங்கச்சி ஓடிப்போய் அதில் ஒருத்தனின் கையைப் பிடித்துக் கெஞ்சினாளாம். எங்களுக்கு உத்தரவு இல்லை என்று சொல்லி அவன் கையை உதறினானாம்.

மனைவி அதற்குமேல் வாசிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, இருங்கோ," என்று கதிரையை இழுத்துப் போட்டா. நான் இருக்கவில்லை. அலுமாரிக் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நாள் முருகனுக்கு நான் விளக்கு வைக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டுதானே நின்றவர் என்ற கோபம். மனைவிதான் எனக்குத் தெரியாமல் ஏற்றினா. தெரியாமல் என்று அவ நினைத்தா. எண்ணெய் மணம் தெரியாமல் போகுமா.

லீவு எடுக்க வழியில்லை. தங்கச்சியையும் பிள்ளைகளையும் இங்கே கூப்பிட வேண்டும், அதற்கு எங்கள் இரண்டு பேருக்கும் நிரந்தர வேலை இருக்க வேண்டும். வேலைக்குப் போனேன். கெவினின் கட்டிலைக் கடைசிக்கு விட்டேன். இவனும் கையை எடுத்தவன்தான். அதுமட்டும்தான் எனக்குத் தெரிந்தது. முந்தின மாதம் அழுத கண் தெரியவில்லை, பகிடி தெரியவில்லை. லொறிப் பலகையில் இருந்து விலகுகிற அந்தக் கை மட்டும்.

எங்கள் வார்டில் எனக்கு மூத்த ஓடலி ஒரு மோல்டாத் தீவுக்காரர். அவருக்கு ஒருவரையும் பிடிக்காது. என்னையும்தான். அவரிடம் போய், அந்த ஆளை நீங்கள் குளிப்பாட்டுங்கள், என்னால் ஏலாது என்று கேட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை.

"கோவமாயிரு. அது உன்ரை சொந்த விஷயம்," என்றார். "தண்ணி மட்டும் சூடாயிருக்க வேணும். தண்ணியிலை கோவத்தைக் காட்டினாய் எண்டால் நான் உன்னை இந்த வார்டிலை வைச்சிருக்க மாட்டன்."

பிள்ளைகளே, இந்த வேலையில் எனக்கு யாரும் சொன்னதில் உருப்படியானது இது ஒன்றுதான். கோபத்தை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. இந்த நாட்டில் அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் முழங்கையை விட்டுச் சூடு பார்த்துத் தண்ணீர் கொண்டுபோனேன்.

கெவின் என் முகத்தைப் பார்த்தான். "என்ன, சாமி கோவமோ?" என்றான்.

துவாயை நனைத்துக்கொண்டே சொன்னேன். "என்ரை தங்கச்சியின்ரை மனிசனை அடிச்சுக் கொன்றிட்டாங்கள். சந்தியிலை ஆமிக்காரன் நிண்டவன். அவள் போய்க் கையைப் பிடிச்சவள். உத்தரவு இல்லை எண்டு உதறினவனாம்."

பக்கத்துக் கட்டில்காரனின் ரேடியோவில் குதிரை ஓட்டம் போய்க்கொண்டிருந்தது.

"நான் உனக்கு என்ன சொல்ல," என்றான்.

"ஒண்டும் சொல்லாதை. காலைத் தூக்கு."

தூக்கினான். கழுவினேன். விரலிடுக்கெல்லாம் கழுவினேன். ஒப்பரேஷன் நாள் வரும்வரை அவன் தண்ணீர் பற்றிப் பகிடி விடவில்லை, நான் தேவையில்லாத ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் ஒருநாளும் தண்ணீர் பச்சைத்தண்ணியாகக் குளிரவில்லை. அதை நான் நெஞ்சில் கைவைத்துச் சொல்லுவேன்.

ஒப்பரேஷன் அன்று காலை வார்ட் சிஸ்டர் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டா. நல்ல மனுசி. எங்களைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தருகிற ஆள். இதை மறைத்துவிட்டு எழுதினால் அவவைக் கெட்டவவாக நினைப்பீர்கள்.

சத்திரசிகிச்சைக்குப் போகிறவர் உடம்பில் நகை இருக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாண மோதிரத்தைக் கழற்ற விரும்பாதவர்களுக்கு அதன்மேல் பிளாஸ்டர் சுற்றிவிடுவோம். அப்போதும் அதுதான் வழக்கம். கெவின் ஒவ்வொருமுறையும் வளையத்துக்கு அப்படித்தான் சுற்றச் சொல்லுவானாம்.

சிஸ்டர் மேசை லாச்சியில் இருந்து ஒரு குறட்டை எடுத்து என் முன்னால் வைத்தா. "ஊசி போட்ட பிறகு அவன் நித்திரையாயிடுவான். அப்ப இதாலை விரிச்சு அந்த வளையத்தைக் கழட்டிவிடு," என்றா. "கழட்டி என்னட்டைத் தா. தொலைஞ்சு போச்சு எண்டு சொல்லுவம்."

எனக்கு விளங்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவன்ரை மனிசி கெஞ்சிக் கேட்டவ. அதைப் பாத்துப் பாத்துத்தான் அவனுக்கு நித்திரை இல்லை, குடி. அது போச்செண்டால் அவனுக்கும் நிம்மதி, வீட்டுக்கும் நிம்மதி."

பிள்ளைகளே, நிம்மதி என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றைக்கும் எழுதிக் காட்டத் தெரியவில்லை. யாருக்கு நிம்மதி? மகனை லொறியில் ஏற்றக் கண்ட அந்தத் தாய்க்கா? காங்கேசன்துறையில் கப்பலால் இறங்கின என் தங்கச்சிக்கா? பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு நித்திரை வரவேண்டும் என்று எத்தனை நல்ல மனிசர் பாடுபடுகிறார்கள். அவனுடைய மனைவி பாடுபடுகிறா, சிஸ்டர் பாடுபடுகிறா, குறடுகூடத் தயாராக இருக்கிறது. இந்த மனிசரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அன்றைக்கு அந்த லொறிக்குப் பக்கத்தில் நின்றிருக்கக் கூடாதா?

"நான் கழட்ட மாட்டன், சிஸ்டர்," என்றேன்.

அவ நான் கெவினில் இரங்கிச் சொல்லுகிறேன் என்று நினைத்தா. "நீ அவனுக்கு நல்லவன், எனக்குத் தெரியும். ஆனால் இதுதான் அவனுக்கு நல்லது."

"அவனுக்கு நல்லதுக்காகச் சொல்லேல்லை."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தா.

"அதைப் போட்டது ஒரு தாய். கழட்டுறதெண்டால் அவ கழட்ட வேணும். இல்லாட்டி அவன் முழிச்சிருந்து தானே கழட்ட வேணும். நித்திரையிலை களவாய்க் கழட்டினால் அவனை அதிலையிருந்து ஆர் விடுவிச்சது? நானோ? நீங்களோ? எங்களுக்கு ஆர் அந்த உரிமையைத் தந்தது?"

என் இங்கிலிசில் இது இவ்வளவு ஒழுங்காக வந்திருக்காது. சத்தம் மட்டும் கூடவாக வந்தது. சிஸ்டரின் முகம் சிவந்தது. சொன்னதைச் செய்யாவிட்டால் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டிவரும், வேலை போனாலும் போகும் என்றா. பயமுறுத்திச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னா.

உங்களுக்குச் சொல்லாமல் இந்த இடத்தை நான் விட்டுவிட்டுப் போக முடியாது. வேலை போனால் தங்கச்சியைக் கூப்பிட வழியில்லை. அவளும் இரண்டு பிள்ளைகளும் அம்மாவின் வீட்டில் ஒரு அறைக்குள் இருக்கிறார்கள். குறடு என் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடக்கிறது. ஒரு அமத்தல். அவ்வளவுதான் வேலை. யாரோ ஒரு ஆமிக்காரனின் கைவளையத்துக்காக என் தங்கச்சியைப் பணயம் வைப்பதா? அதுவும் அவள் பிடித்த கையை உதறினவனைப் போன்ற ஒருத்தனுக்காக? சட்டைக் கைக்கு மேலாலேயே என் காப்பு நூலைத் தடவிப் பார்த்தேன். முருகா, நீயும் பார்த்துக்கொண்டு நில்லாதே என்று மனதுக்குள் சொன்னேன். அதை நேர்த்தி என்று சொல்ல மாட்டேன். ஏச்சு என்றுதான் சொல்ல வேண்டும்.

குறட்டை எடுத்து அவவின் லாச்சிக்குள் திரும்ப வைத்தேன். பிளாஸ்டர் சுருளை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனேன்.

கெவினுக்கு ஊசி போட்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. வளையத்தின்மேல் பிளாஸ்டரைச் சுற்றினேன். ஒரு கீறு பித்தளைகூட வெளியில் தெரியாமல் சுற்றினேன். அவன் ஏதோ முணுமுணுத்தான். நான் காது கொடுக்கவில்லை. தியேட்டர் வாசலில் பொறுப்பெடுக்கிற தாதி, இதென்ன என்று கேட்டா. கழட்ட மறுத்த நகை, பிளாஸ்டர் போட்டிருக்கு என்றேன். அவ தலையாட்டி வண்டியை உள்ளே இழுத்தா. அங்கே ஒருவருக்கும் அது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை.

அடுத்த கிழமை என்னை வார்டிலிருந்து எடுத்து லோண்டரியில் போட்டார்கள். வேலை போகவில்லை. சிஸ்டர் எனக்காகக் கதைத்திருக்க வேண்டும் என்று பிறகு மோல்டாக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, "உனக்கு மூளை இல்லை," என்றும் சொன்னார்.

லோண்டரியில் துணிகள் அவிகிற வெக்கைக்குள் நின்று படுக்கைச் சீலைகளை மடித்துக்கொண்டிருந்த ஒருநாள், ஊன்றுகோல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். கெவின். வேர்த்து வழிய, வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நன்றி சொல்ல வந்திருக்கிறான் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"ஏன் விட்டனி?" என்றான்.

"எதை?"

"இதை." வளையம் கிடந்த கையை என் முகத்துக்கு நேரே தூக்கினான். ஊன்றுகோல் கீழே விழுந்தது. "நான் எழும்பேக்கை இது இருக்காதெண்டு நினைச்சன். முழிச்சவுடனை முதல் தடவிப் பாத்தது இதைத்தான். ஏன் விட்டனி?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தன் மனைவியைச் சிஸ்டரிடம் கேட்க வைத்ததே இவன்தான். தானாகக் கழற்றத் துணிவில்லை. நித்திரையில் யாராவது கழற்றினால், எழும்பித் தேடுகிற மாதிரித் தேடி, கோபப்படுகிற மாதிரிக் கோபப்பட்டு, பிறகு நிம்மதியாக இருந்திருப்பான். லொறியில் இருந்து கையை எடுத்தவன், இதற்கு மட்டும் இன்னொருவரின் கையைத் தேடியிருக்கிறான்.

என் வாயில் வந்ததெல்லாம் இங்கே எழுதக் கூடியது அல்ல. ஊரில் கூட நான் பேசாத வார்த்தைகள். தமிழில்தான் பேசினேன். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது, எல்லாம் விளங்கியிருக்கும். பிறகு லோண்டரி மெஷினைத் திருத்த வைத்திருந்த பெட்டியைத் திறந்து, ஒரு குறட்டை எடுத்து, மடித்து வைத்திருந்த வெள்ளைச் சீலைகளுக்கு மேலே வைத்தேன்.

"இந்தா. நீ முழிச்சுத்தானே நிக்கிறாய். கழட்டு."

அவன் குறட்டை எடுத்தான். வளையத்தின் நுனியில் வைத்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மெஷின் ஒன்று சுற்றி முடித்து நின்றது. குறடு பித்தளையில் தட்டுப்படுகிற சத்தம் கேட்டது.

அமத்தவில்லை. குறட்டை வைத்துவிட்டு, சீலை அடுக்கைப் பிடித்துக்கொண்டு, அந்த மூன்று பொடியன்களின் பெயரையும் சொன்னான். ஒவ்வொன்றாக. எனக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. நான் அவனைத் தட்டிக்கொடுக்கவில்லை. ஊன்றுகோலை எடுத்துக் கையில் கொடுத்தேன். வார்டுவரை கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அது என் வேலை.

இதிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஆத்திரம் வருகிற நோயாளி வருவான். வரட்டும். ஆத்திரத்தை முகத்திலிருந்து துடைக்கத் தேவையில்லை, தண்ணீரில் காட்டாதீர்கள், ஊசியில் காட்டாதீர்கள், சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்தில் காட்டாதீர்கள். அவனுடைய நோவைக் குறைப்பது உங்கள் வேலை. அவன் செய்ததைக் குறைப்பது உங்கள் வேலை அல்ல. எவ்வளவு நல்ல மனிசர் வந்து கேட்டாலும் அல்ல.

இரண்டு வருஷம் கழித்துத் தங்கச்சியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். நான் அதற்குள் வார்டுக்குத் திரும்பியிருந்தேன். கெவின் கிளினிக்குக்கு வருகிற நாளில் என்னைத் தேடி வந்து நிற்பான். வளையம் கையிலேயே கிடந்தது. தங்கச்சி வந்ததைக் கேள்விப்பட்டு, "நான் ஒருக்கா வந்து அவவைப் பாக்கட்டோ? ஒரு சொல்லு மட்டும்," என்று கேட்டான்.

"வேண்டாம்," என்றேன். மன்னிப்புக் கேட்கிறதிலும் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்கு என் தங்கச்சியை நான் கொடுக்க மாட்டேன். அவன் சரி என்று போனான்.

ஆனால் கதையைத் தங்கச்சிக்குச் சொன்னேன். வீட்டில் குசினிக் கதிரையில் இருந்து பிள்ளைகளின் ஸ்கூல் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு கேட்டாள். லொறி, கை, கல்லால் தட்டினது, குறடு, எல்லாம். மனைவி அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்தா. தங்கச்சி அழவில்லை.

"அந்தத் தாய் ஏன் வளையத்தைத் திருப்பி வாங்கேல்லை எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை," என்றேன். "கோவமோ, பாசமோ, என்னவோ."

தங்கச்சி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இதிலை விளங்க என்ன கிடக்கு அண்ணை," என்றாள். "அவவுக்கு மகனை ஞாபகம் வைச்சிருக்க ஒரு சாமானும் தேவையில்லை. இந்த ஆமிக்காரன்தானே மறப்பான்."

அடுத்த சட்டையை எடுத்து, பொத்தான் இல்லாத இடத்தைத் தேடத் தொடங்கினாள்.